மாதிரிக் கலமும் மாகடற் கலமும்

கண்ணாடிப் பேழைக்குள் வைத்த மாதிரிக் கப்பலைக் காண்போர் பலரும் அதனை ஓர் அழகிய விளையாட்டுப் பொருள் என்றே எண்ணுவர். பெரிய கப்பல் முன்னே தோன்றியது, அதனைப் பார்த்துச் சிறிய கப்பல் பின்னே செய்யப்பட்டது என்பதே பொதுவான கருத்து. ஆயின், மரக்கல வரலாற்றில் ஒரு நெடுங்காலம் இவ்வரிசை தலைகீழாக இருந்தது. சிறியது முன்னே பிறந்தது. பெரியது அதன் வழியே பின்னே பிறந்தது. இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுவது ‘ஸ்கூனர்’ எனப்படும் மரக்கலத்தின் வரலாறாகும். அவ்வரலாற்றின் ஒரு மூலையில் தமிழர் கட்டிய கலம் ஒன்றும் வந்து நிற்கிறது. ஆதலின், இவ்வாண்டு மலரில் அதனைச் சிறிது விரித்துரைப்பது பொருந்தும் எனக் கருதுகிறோம்.

ஸ்கூனர் என்பது யாது?

இரண்டோ அதற்கு மேற்பட்டனவோ ஆகிய பாய்மரங்களை உடையது ஸ்கூனர். பழைய பெருங்கப்பல்களில் பாய்கள் குறுக்குப் பருமல்களிலே சதுரமாகத் தொங்கும். ஸ்கூனரின் பாய்களோ கப்பலின் நீளவாட்டத்தில், கதவு கீலில் ஆடுவதுபோல், பாய்மரத்தைப் பற்றி நின்று ஆடும். பின்மரம் முன்மரத்திற்கு ஒத்த உயரமாகவோ அதனினும் உயர்ந்ததாகவோ இருக்கும். இவ்வமைப்பினால் இரு நன்மைகள் விளைந்தன. எதிர்க்காற்றை ஒட்டிச் சாய்ந்து செல்வது எளிதாயிற்று. பாய்களைத் தளத்தில் நின்றபடியே இயக்க முடிந்தமையின் மாலுமிகளின் தொகையும் குறைந்தது. குறைந்த ஆட்களைக்கொண்டு விரைந்து சென்று மீள வேண்டிய மீன்பிடித் தொழிலுக்கும் கரையோர வாணிகத்திற்கும் இதனினும் ஏற்ற கலம் வேறில்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் 1713ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ ராபின்சன் என்பவர் முதல் ஸ்கூனரை நீரில் இறக்கினார் என்றும், அது நீர்மேல் வழுக்கிச் சென்ற அழகைக் கண்டு ஒருவர் வியந்து கூறிய சொல்லே அதற்குப் பெயராயிற்று என்றும் அவ்வூரார் வழிவழியாகக் கூறுவர். இத்தகைய பாயமைப்புக் கொண்ட கலங்களை அதற்கு முன்னரே டச்சு ஓவியர்கள் தீட்டியுள்ளனர். ஆதலின், கண்டுபிடிப்பின் பெருமையைக் குளோஸ்டருக்கே முழுவதும் அளித்தல் இயலாது. எனினும், அக்கலத்தை வளர்த்து நிறைவுறச் செய்த பெருமை வடஅமெரிக்காவின் கீழ்க்கரைக்கே உரியது.

பாதிக் கப்பல்

அக்கரையின் தச்சர்கள் கப்பலைத் தாளில் வரையவில்லை, மரத்தில் செதுக்கினர். கப்பலின் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒன்றையொன்று ஒத்திருத்தலின் ஒரு பக்கத்தைச் செதுக்கினாலே போதுமன்றோ? ஆகவே இது ‘பாதி மாதிரி’ எனப் பெயர்பெற்றது. மெல்லிய பலகைகள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முளைகளால் இணைத்து, அக்கட்டையைக் கப்பலின் ஒரு பக்க வடிவமாகச் செதுக்குவர். வடிவம் மனத்திற்கு இசைந்தபின் முளைகளைக் களைந்து பலகைகளைத் தனித்தனியே பிரிப்பர். ஒவ்வொரு பலகையின் விளிம்பும், அந்த உயரத்தில் கப்பலின் பக்கம் எவ்வாறு வளைகிறது என்பதைக் காட்டும் கோடாகும். அடிக்குக் கால் அங்குலம் என்னும் கணக்கில் மாதிரி செய்திருந்தால், அவ்வளவுகளை 48ஆல் பெருக்கி, பட்டறையின் அகன்ற தளத்தில் முழு அளவில் வரைவர். அவ்வரைவைக் கொண்டே வங்கு மரங்களை அறுப்பர். பலகைகளைப் பிரித்து அளவெடுக்கும் இம்முறையை 1794ஆம் ஆண்டில் நியூபரிப்போர்ட்டு நகரத்து ஆர்லண்டோ மெரில் புகுத்தினார் என்பது அந்நாட்டு மரபு.

தாளில் வரைந்த கோடுகளைப் படித்தறிதல் எல்லோர்க்கும் எளிதன்று. ஆனால் கடலில் முதிர்ந்த மீகாமன் ஒருவன் பாதி மாதிரியைக் கையில் ஏந்தி, அதன் அணியத்திலிருந்து பின்புறம் வரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தானாயின், ‘இங்கே சற்றுப் பருமன் மிகுதி, அலை இடிக்கும்’ எனக் கூறிவிடுவான். தச்சன் அவ்விடத்தே உளியை ஓட்டுவான். கப்பலுக்கு உடையவன், ஓட்டுபவன், கட்டுபவன் ஆகிய மூவரும் கலந்து பேசிய பொதுமொழியாக அம்மாதிரி விளங்கிற்று.

இவ்வாறு செதுக்கியே வடிவம் காணும் மரபில் வந்தவர் ஜார்ஜ் ஸ்டீர்ஸ். அவர் வகுத்த ‘அமெரிக்கா’ என்னும் ஸ்கூனர் 1851ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள் இங்கிலாந்தின் வைட்டுத் தீவைச் சுற்றி நிகழ்ந்த போட்டியில் ஆங்கிலேயரின் படகுகளை வென்றது. அது பெற்ற கோப்பையே இன்றும் ‘அமெரிக்கக் கோப்பை’ என வழங்குகிறது. அத்துணைப் புகழ்பெற்ற கலத்தின் முடிவு யாது? அன்னாபொலிஸ் கடற்படைக் கழகத்தில் ஒரு கொட்டகைக்குள் கிடந்த அது, 1942ஆம் ஆண்டில் பனியின் பாரத்தால் கூரை இடிந்து வீழ்ந்தபோது நொறுங்கிற்று. 1945இல் சிதைத்து அகற்றப்பட்டது. வென்ற கப்பல் இன்று இல்லை. அதன் வடிவைக் காட்டும் மாதிரிகளே எஞ்சியுள்ளன.

வரைபடமும் அழியக்கூடியதே என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மும்பைத் துறையில் வாடியா மரபினர் தேக்கினால் கட்டிய போர்க்கப்பல்களுள் ஒன்று ‘டிரிங்கமலி’. திருகோணமலையின் பெயர் தாங்கிய கப்பல் அது. அதற்கென இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட வரைபடங்கள் ‘ஜாவா’ என்னும் கப்பலில் வந்தன. 1812ஆம் ஆண்டின் இறுதியில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று ‘ஜாவா’வை வென்று அழித்தது. மீண்டும் படியெடுத்து அனுப்பிய பின்னரே வேலை நடைபெற்று, 1817இல் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியாவின் தலைமையில் கட்டிய அக்கப்பல் நீரில் இறங்கிற்று. மும்பைத் தச்சரின் கைவண்ணம் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதந்துகொண்டிருக்கிறது. படியொன்று வேறிடத்தில் இருந்தமையாலன்றோ அது பிழைத்தது! இக்கருத்தை வாசகர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும்.

காசில் ஏறிய கப்பல்

மாதிரிக் கலம் செய்வோர் பெரிதும் விரும்பும் ஸ்கூனர், கனடா நாட்டின் ‘புளூநோஸ்’ ஆகும். நோவா ஸ்கோஷியா மாநிலத்தின் லூனன்பர்க்கில், ஸ்மித்–ரூலண்டு பட்டறையில் கட்டப்பட்டு, 1921ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 26ஆம் நாள் அது நீரில் இறங்கியது. வடிவமைத்தவர் வில்லியம் ரூவே. அவர் தம் குடும்பத்தின் குளிர்பான வாணிகத்தை நடத்திக்கொண்டே கப்பற் கலையைத் தாமே பயின்றவர். முழு நீளம் 143 அடி, அகலம் 27 அடி, விரித்த பாய்களின் பரப்புப் பதினாயிரம் சதுர அடிக்கு மேல்.

அது பந்தயத்திற்கென்றே செய்த பகட்டுக் கலமன்று. நியூபவுண்டுலாந்துக்கு அப்பாலுள்ள கடல்மேடுகளுக்குச் சென்று காட் மீன் பிடிப்பதே அதன் அன்றாடத் தொழில். ஒன்றினுள் ஒன்றாக அடுக்கிய சிறு படகுகளைத் தளத்தில் ஏற்றிச் சென்று, இருவர் இருவராக இறங்கித் தூண்டிற்கயிறு இடுவர். மெய்யாகவே மீன்பிடித்த கலங்களே போட்டியிடலாம் என்னும் விதியுடன் 1920இல் தொடங்கிய மீனவர் கோப்பைப் போட்டியில், 1921இல் ஆங்கஸ் வால்டர்ஸ் என்னும் மீகாமனின் ஆட்சியில் புளூநோஸ் குளோஸ்டரின் ‘எல்சி’யை வென்று கோப்பையைக் கைப்பற்றியது. 1938 அக்டோபரில் நடந்த இறுதிப் போட்டியில் ‘கெர்ட்ரூடு திபோ’வை மூன்றுக்கு இரண்டு என்னும் கணக்கில் வென்றது. 1929இல் அஞ்சல் தலையிலும், 1937 முதல் பத்து சென்ட் காசிலும் ஸ்கூனரின் உருவத்தைக் கனடா பொறித்தது. கலத்தைக் காசில் பொறித்தல் நமக்குப் புதியதன்று. சாதவாகன மன்னர் வெளியிட்ட, இரு பாய்மரக் கலம் பொறித்த காசுகள் சோழமண்டலக் கரையில் கிடைத்துள்ளமை வரலாற்று அன்பர் அறிந்ததே.

ஆயினும், காசில் ஏற்றிய கலத்தைக் கரையில் காக்க அந்நாட்டினர் முன்வரவில்லை. இயந்திரப் படகுகளின் போட்டியால் மீன்பிடிக் கலத்திற்கு வருவாய் குன்றிற்று. வால்டர்ஸ் தம் கைப்பொருளையும் இட்டுக் காக்க முயன்றார், முடியவில்லை. 1942இல் மேற்கிந்தியத் தீவுகளில் சரக்கேற்றும் நிறுவனம் ஒன்று அதனை வாங்கிற்று. 1946 ஜனவரியில் ஹெய்ட்டித் தீவுக்கருகே பாறைத்திட்டில் மோதிப் புளூநோஸ் அழிந்தது.

கப்பல் போயிற்று, ஆனால் ரூவேயின் வரைபடங்கள் இருந்தன, மாதிரிகள் இருந்தன. இவற்றினும் மேலாக, அதனைக் கட்டிய கைகள் இன்னும் உயிரோடு இருந்தன. 1963ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24ஆம் நாள், அதே ஊரில், அதே பட்டறையில், முதற் கப்பலில் உழைத்த முதியோர் சிலரும் துணைநிற்க, ‘இரண்டாம் புளூநோஸ்’ நீரில் இறங்கியது. அக்கப்பலும் மூத்துத் தளர்ந்தமையின் 2010 முதல் பெரும்பகுதி பிரித்துப் புதுக்கப்பட்டு, 2012 செப்டம்பரில் மீண்டும் கடல் கண்டது. ‘மரம் யாவும் மாறியபின் இது பழைய கப்பலா, புதிய கப்பலா?’ என்னும் வாதம் அங்கே எழுந்தது. மரம் மாறலாம், வடிவம் மாறாது நின்றால் மரபு நின்றதாகவே கொள்ளலாம் என்பது எம் கருத்து.

கைக்குள் அடங்கும் கப்பல்

இனி, அவ்வடிவத்தை மாதிரியில் கொண்டுவரும் முறையைக் காண்போம். அடிக்கு 3/16 அங்குலம், அஃதாவது 64இல் ஒரு பங்கு என்னும் அளவு பெரிதும் கையாளப்படுகிறது. இவ்வளவில் 143 அடிக் கப்பல் ஏறத்தாழ 27 அங்குலமாகச் சுருங்கும். ஐந்தரை அடி ஆள் ஓர் அங்குல உயரமே நிற்பான்.

முதலில் ஏராக் கட்டையை நேராக நிறுத்த வேண்டும். இது மயிரிழை கோணினும் பின்னர் வருவன யாவும் கோணும். அதன்மேல், வங்குகளுக்கு ஈடாகக் குறுக்குவெட்டு வடிவப் பலகைகளைப் பொருத்தி, அவற்றின் விளிம்புகளைப் பக்கப்பலகை சீராகப் படியுமாறு சரித்துத் தேய்ப்பர். பின்னர், மெல்லிய மரப்பட்டைகளைத் தளத்தருகிலிருந்து கீழ்நோக்கியும், ஏராவிலிருந்து மேல்நோக்கியும் இருபுறமும் மாறிமாறி ஒட்டி வருதல் வேண்டும். ஒரு புறத்தை மட்டும் முடித்துவிட்டு மறுபுறம் சென்றால், பசை இறுகும்போது ஏரா வளைந்துவிடும். கப்பலின் நடுப்பகுதி பருத்தும் முனைகள் ஒடுங்கியும் இருத்தலின், ஒவ்வொரு பட்டையும் முனை நோக்கி மெலிய வேண்டும். வெந்நீரிலோ ஆவியிலோ பதப்படுத்தினாலன்றி அணியத்தின் வளைவுக்கு மரம் இணங்காது. பெருங்கப்பல் கட்டும் தச்சன் செய்வதும் இதுவே. அளவு சிறிது, அறிவு ஒன்றே.

பலகை வேலை முடிந்தபின் உப்புத்தாள் கொண்டு தேய்த்து, பள்ளங்களை மக்கிட்டு நிரப்பி, மரத்தின் துளைகள் மூடுமாறு மெல்லிய பூச்சு ஒன்று இடுவர். அடுத்து, சாம்பல் நிற அடிப்பூச்சு. வெறும் மரத்தில் கண்ணுக்குத் தப்பிய குறைகள் யாவும் இப்பூச்சில் வெளிப்படும். மீண்டும் தேய்ப்பு, மீண்டும் பூச்சு. வண்ணத்தின் அழகு தூரிகையில் இல்லை. தேய்த்த கையின் பொறுமையில் உள்ளது. பூச்சின் கனம் 1/64 அங்குலமாயின், அது கப்பலின் அளவில் ஓர் அங்குலத் தகடு அப்பியதற்கு ஒப்பாகும். ஆகவே, நீர்த்த வண்ணத்தைப் பலமுறை மெல்லெனப் பூசுவதே முறை.

நீர்மட்டக் கோட்டை வரைதலில் ஒரு நுட்பம் உண்டு. ஸ்கூனர் பின்புறம் ஆழ்ந்தும் முன்புறம் உயர்ந்தும் மிதக்கும். ஆகவே, மாதிரியை ஏரா மேசைக்கு இணையாக இருக்குமாறு வைத்தலாகாது. மிதக்கும் நிலையிலேயே முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும். பின்னர் ஒரு கட்டையில் குறித்த உயரத்தில் எழுதுகோலைக் கட்டி, அக்கட்டையை மேசைமேல் நகர்த்திக்கொண்டே சுற்றிவந்தால், வளைந்த பக்கங்களின்மேல் கோடு தானே மட்டமாக விழும். கோட்டுக்குக் கீழே செம்மண் போன்ற செந்நிறம் தீட்டுவர். பாசியும் சிப்பியும் மரத்தைத் துளைக்கும் புழுவும் அணுகாதிருக்கக் கலத்தின் அடியில் பூசும் செம்புச் சேர்க்கையுள்ள பூச்சின் நிறம் அது. இதே நோக்கத்துடன் நம் கடற்கரையினர் சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்துப் பூசினர். கீழ்ப்பூச்சு உலர்ந்தபின் கோட்டின்மேல் ஒட்டுத்தாள் பதித்து, மேலே கருநிறம் பூசுவர். தாளின் விளிம்பில் முன்னதாக நிறமற்ற வார்னிஷ் ஒரு கோடு இழுத்துவிட்டால் கருமை கீழே கசியாது. கறுப்பிலும் சிறிது சாம்பல் கலத்தல் நன்று. தொலைவில் நிற்கும் கப்பலின் நிறம் காற்றில் மங்கியே தெரியும் ஆதலின், பளபளக்கும் முழுக் கறுப்பு மாதிரியைப் பொம்மையாக்கிவிடும்.

தளத்திற்கு வண்ணமில்லை. பலகை இடுக்குகளில் சணலும் தாரும் திணித்த கலப்பற்றைக் காட்ட, ஒவ்வொரு பட்டையின் ஓரத்திலும் கரிக்கோல் தீற்றி ஒட்டுவர். இறுதியாகக் கயிறுகள். பாய்மரத்தைத் தாங்கி அசையாது நிற்பவை தார் பூசியனவாதலின் கருமையாகவும், பாயை ஏற்றி இறக்குபவை கயிற்றின் இயல்பான நிறத்திலும் இருக்க வேண்டும். நூலைத் தேன்மெழுகில் இழுத்துவிட்டால் பிசிர் அடங்கும். நடுவிலிருந்து தொடங்கி வெளிநோக்கிக் கட்டிவந்தால்தான் விரல் நுழைய இடமிருக்கும். இவ்வளவும் செய்து முடித்தவன் ஸ்கூனரைப் பார்த்தவன் அல்லன், அதனைக் கற்றவன்.

குளோஸ்டருக்குச் சென்ற அன்னபூரணி

ஸ்கூனரின் தாயகம் எனப் பெருமை பேசும் அதே குளோஸ்டர் துறைமுகத்திற்கு, 1938 ஆகஸ்டில், உலகின் மறுபுறத்திலிருந்து ஒரு மரக்கலம் வந்து சேர்ந்தது. அது யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ் ஓடாவியர் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’. ஏறக்குறைய 90 அடி நீளமும் இரண்டு பாய்மரங்களும் கொண்டது. அது ஸ்கூனர் அன்று. முன்மரத்தில் குறுக்குப் பருமல்களிலே சதுரப் பாய் விரிக்கும் இனத்தது. சிறு படகில் உலகைச் சுற்றிவந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் அதன் கட்டமைப்பைக் கண்டு மயங்கி விலைக்கு வாங்கினார். ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ எனப் பெயர் மாற்றம் பெற்ற அக்கலத்தை வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகளே செலுத்தினர். சூயஸ் கால்வாய் வழியே மத்தியதரைக் கடலைக் கடந்து, அட்லாண்டிக் பெருங்கடலையும் தாண்டிக் குளோஸ்டர் சேர்த்தனர். அது சேர்ந்த மூன்று திங்களுக்குள் அதே கடற்பகுதியில் புளூநோஸ் தன் இறுதிப் போட்டியை ஓடியது. இரு வேறு மரபுகளின் இறுதி ஒளி ஒரே ஆண்டில், ஒரே கரையில் தெரிந்தது எனலாம்.

ஆனால் இவ்விரண்டிற்குமிடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. புளூநோஸ் அழிந்தபின் மீண்டும் பிறந்தது. நம் கரைகளில் கட்டிய கலங்களோ பெரும்பாலும் வரைபடமின்றியே பிறந்தன. ஓடாவியாரின் கண்ணே அளவுகோல், நெஞ்சே ஏடு. தந்தை மகனுக்குக் கைப்பழக்கமாக அளித்த அவ்வறிவு, மகன் வேறு தொழிலுக்குச் சென்ற அன்றே நின்றுவிடும். அங்கே படி இருந்தது, இங்கே படியில்லை.

நம் கலங்களைப் படியெடுத்தவர் யார் என்று பார்த்தால், அவர்களுள் முன்னிற்போர் அயல்நாட்டவரே. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியாகிய பாரீ என்பவர், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகைச் சுற்றிவந்து, சோழமண்டலக் கரையின் தோணியையும் கட்டுமரத்தையும் அளந்து வரைந்தார். 1871 முதல் பாரிஸ் மாநகரின் கடற்படைக் காட்சிசாலைக்குப் பொறுப்பேற்று, தாம் வரைந்த அயல்நாட்டுக் கலங்கள் பலவற்றுக்கு மாதிரிகளும் செய்வித்தார். சென்னை மாகாணத்தில் மீன்வளத்துறைத் தலைவராக விளங்கிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளின் அமைப்பை ஆராய்ந்து எழுதிய நூலை 1920இல் வங்காள ஆசியக் கழகம் வெளியிட்டது. இவர்கள் செய்த தொண்டுக்கு நாம் நன்றியுடையோம். எனினும், நம் பாட்டனார் கட்டிய தோணியின் வடிவைக் காணப் பாரிஸ் செல்ல வேண்டியிருப்பது நமக்குப் பெருமையாகுமா?

நாம் செய்யக்கூடியது

தாயகத்தை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நாம், மொழியைக் காக்கச் சங்கம் நிறுவினோம், நூலகம் அமைத்தோம், ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம். மொழியில் எழுதப்படாத அறிவு ஒன்றும் நம் முன்னோர்க்கு இருந்தது. அது கையில் இருந்தது, உளியில் இருந்தது, மரத்தின் வளைவில் இருந்தது. அதற்கு ஏடு மாதிரிக் கலமே.

ஆகவே, விடுமுறைக்கு ஊர் செல்லும் இளைஞர்கள் ஒன்று செய்யலாம். தூத்துக்குடியிலோ நாகையிலோ கடலூரிலோ கரையில் ஏறிக் கிடக்கும் பழைய மரக்கலம் ஒன்றைக் கண்டால், அளவு நாடாவை எடுத்து அதன் நீளம், அகலம், ஆழம், வங்குகளின் இடைவெளி ஆகியவற்றைக் குறித்து வரட்டும். அருகில் முதிய ஓடாவியார் இருப்பாராயின், ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் அவர் வாய்மொழியாகவே கேட்டு எழுதட்டும். பின்னர், ஊர் திரும்பியதும், அடிக்குக் கால் அங்குலக் கணக்கில் ஒரு மாதிரி செய்து, அதனை நம் சங்கத்து நூலகத்தில் நூல்களுக்கு நடுவே வைக்கலாம். கோணலாக இருந்தாலும் குறையில்லை. அளவு மெய்யாக இருந்தால் போதும். அளவு இருக்குமாயின், என்றேனும் ஒருநாள், அதனை 48ஆல் பெருக்கத் துணியும் ஒருவன் பிறப்பான்.